பெட்டி கேஸுக்கு மூன்று அரசு சேவைகள்: காவல்துறை தளம், ஈ-கோர்ட்ஸ் செயலி, சட்டப் பணிகள் ஆணைக்குழு. எது எவ்வளவு தேறும்?

தெருச் சண்டை, டாஸ்மாக் வாசல் தகராறு, திருவிழாத் தள்ளுமுள்ளு. இந்த மாதிரி ஒன்றில் பெயர் எழுதப்பட்டு, மறுநாள் ஸ்டேஷனிலிருந்து வெளியே வருபவரிடம் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "பெட்டி கேஸ்தானே, ஃபைன் கட்டினா முடிஞ்சது." அதில் பாதி உண்மை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் வழக்கு முடியும். ஆனால் அது தண்டனைத் தீர்ப்பாகத்தான் முடியும். கட்டாமல் மறந்துவிட்டால் முடியவே முடியாது. இரண்டில் எது நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் சரிசெய்யவும் தமிழ்நாட்டில் மூன்று அரசு சேவைகள் இருக்கின்றன. வேலை விண்ணப்பமோ பாஸ்போர்ட்டோ நெருங்கும்போது அவசரமாகத் திறந்து பார்க்கப்படுபவை இவை.

முதலில் எஃப்ஐஆரைப் படிக்கத் தெரிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) போய் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துவிட்டது. தமிழ்நாட்டு எஃப்ஐஆர்களில் பல்லாண்டு காலம் "294(பி), 323, 506(2)" என்று ஒரே மூச்சில் எழுதப்பட்டது இப்போது 296(பி), 115(2), 351(3). "ஆபாசமாகத் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டி" என்ற வாசகம் மட்டும் மாறவில்லை. பொது இடத்தில் இரு தரப்பும் மோதி அமைதியைக் குலைத்தால் பிரிவு 194: ஒரு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் 355: 24 மணி நேரம் வரை வெறுங்காவல், அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. ஐபிசியில் இதற்கு அபராதம் வெறும் 10 ரூபாய். வேறு பிரிவில் அடங்காத பொதுத்தொல்லைக்கு 292, அபராதம் 1000 வரை. மாநகரங்களில் இவற்றோடு 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவும் இருக்கிறது. ஸ்டேஷனில் "75 போட்டாச்சு" என்றால் அதுதான்.

இவை எல்லாம் சிறிய பிரிவுகள். கணக்கு மாறுவது போலீஸ்காரர் மேல் கை பட்டதாக எழுதப்படும்போது. பிரிவு 132, அதாவது செய்தித்தாள்களில் "பணி செய்ய விடாமல் தடுத்தல்" என்று வருவது, இரண்டு ஆண்டு வரை சிறைக்குரியது, ஜாமீனில் விட முடியாதது. ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது; நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நின்றுதான் ஆக வேண்டும். இதன் தம்பியான 221, தாக்குதல் இல்லாத வெறும் இடையூறு. மூன்று மாதம் வரை, ஜாமீனில் விடக்கூடியது. பிடித்த கையை உதறினார் என்பது இதில் எந்தப் பிரிவுக்குள் போகிறது என்பதில்தான் ஒருவருடைய அடுத்த சில நாட்கள் அடங்கியிருக்கின்றன. பஸ் கண்ணாடி உடைந்திருந்தால் 1992ஆம் ஆண்டு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும், எதிர்த்தரப்பில் பெண் இருந்தால் 1998ஆம் ஆண்டு பெண் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் சேரலாம். அதற்கு மேல் அதைப் பெட்டி கேஸ் என்று யாரும் சொல்லக்கூடாது.

சரி, சேவைகளுக்கு வருவோம்.

காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் இந்த விஷயத்துக்குப் பயன்படுபவை மூன்று: எஃப்ஐஆர் பார்ப்பது, சிஎஸ்ஆர் (புகார் மனு ரசீது) நிலை பார்ப்பது, காவல் சரிபார்ப்பு அறிக்கை. எஃப்ஐஆர் வசதிக்கு நன்றாகவே மதிப்பெண் கொடுக்கலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள், இணைய வசதிச் சிக்கல் இருந்தால் அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், எஃப்ஐஆரைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் இருந்தால் போதும், நகல் கைக்கு வரும். பாலியல் குற்றங்கள், போக்சோ போன்றவை மட்டும் வராது. கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் தேடும் இடம்தான் தவறு. ஆவடி, தாம்பரம் ஆணையரகங்கள் 2022 ஜனவரியில் பிரிந்தவை. அதற்கு முந்தைய வழக்கென்றால் பழைய மாவட்டத்தின் பெயரிலும் ஒருமுறை தேட வேண்டும். குற்ற எண் தெரியாதென்றால் ஸ்டேஷன் ரைட்டரிடம் கேட்பதைவிட வேகமான வழி இல்லை.

நகல் வந்ததும் கடைசிப் பக்கத்துப் புகார்க் கதைக்குத் தாவ வேண்டாம். 2ஆம் கட்டத்தில் சட்டப் பிரிவுகள். 3இல் சம்பவ நேரமும் ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரமும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 8இல் தாமதத்துக்குக் காரணம் எழுதியிருக்க வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்து இந்தக் கட்டம் காலியாக இருந்தால் வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். 7இல் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், பெயர். அங்கே "மற்றும் சிலர்" என்று இருந்தால், இன்று பெயர் இல்லாதவருக்கும் நாளை வரலாம். 15இல் நீதிமன்றத்துக்கு அனுப்பிய நாளும் நேரமும்.

இந்த வசதியின் பெரிய ஓட்டை, தளத்தில் இருப்பது முதல் நாள் எஃப்ஐஆர் மட்டும் என்பது. பிறகு ஆல்டரேஷன் ரிப்போர்ட் போட்டுப் பிரிவைக் கூட்டினாலோ குறைத்தாலோ அது இங்கே தெரியாது. 115(2) என்று நிம்மதியாக இருப்பவருக்கு, எதிராளியின் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு வந்து கொடுங்காயப் பிரிவுக்கு மாறியது குற்றப்பத்திரிகை வந்த பிறகுதான் தெரியவரும்.

சிஎஸ்ஆர் பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம். அது மனுவுக்கான ரசீது, வழக்கு அல்ல. சமாதானம் பேசி சிஎஸ்ஆரோடு முடிந்திருந்தால் நீதிமன்றத்தில் எதுவும் இருக்காது. "கேஸ் போட்டாங்க, முடிச்சுக்கிட்டோம்" என்பவர்கள் கையில் இருப்பது சிஎஸ்ஆர் எண்ணா குற்ற எண்ணா என்று பார்த்துவிட்டால் பாதிக் கவலை அங்கேயே தீரும், அல்லது தொடங்கும்.

தளத்தின் மூன்றாவது வசதியான காவல் சரிபார்ப்பில் தனக்காக, வேலைக்காக, வாடகைதாரருக்காக, வீட்டுப் பணியாளருக்காக என்று வகைகள் உண்டு. தொடங்கியபோது தனிநபருக்கு 500 ரூபாய், தனியார் நிறுவனத்துக்கு 1000 ரூபாய். வேலைக்கு மனுப் போடும் முன் தனக்காக ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்ல செலவு. தன் பெயரில் பதிவேடு என்ன சொல்கிறது என்று நிறுவனத்துக்கு முன்பே தெரிந்துவிடும். இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு, நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு காவல்துறைப் பதிவில் நிலுவையாகவே நிற்பது. தீர்ப்பின் விவரம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேராததுதான் காரணம். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை நகல் மனு போட்டு வாங்கி, ஸ்டேஷன் ஆய்வாளருக்கு ஒன்றும் மாவட்டக் குற்ற ஆவணக் கூடத்துக்கு ஒன்றும் கொடுத்து, இரண்டிலும் ஒப்புகை வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பலன் இல்லை. மொத்தத்தில் தளத்துக்கு ஐந்துக்கு மூன்று.

மூன்றில் தலைசிறந்தது ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலி. இலவசம்; எந்த மாவட்ட, வட்ட நீதிமன்ற வழக்கையும் தேடலாம். காவல்துறைத் தளம் வழக்கு தொடங்கியதைச் சொல்கிறது என்றால், இது இன்று வழக்கு எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. பெட்டி கேஸில் ஆபத்து அபராதத்தில் இல்லை. ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்துக் குற்றப்பத்திரிகை கோப்பில் எடுக்கப்பட்டு, சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி, ஆஜராகவில்லை என்று பிடிவாரண்ட் பிறந்து, அது தெரியாமலேயே ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து. மாதம் ஒருமுறை செயலியைத் திறந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

தேடும் முறை: மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, எஃப்ஐஆர் எண் வழியாகப் போக வேண்டும். காவல் நிலையம், எண், ஆண்டு கொடுத்து நிலுவை, முடிந்தவை இரண்டிலும் பார்க்க வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் தலைவலிதான். பெயர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஏற்றப்பட்டிருக்கும், இனிஷியல் முன்னாலும் இருக்கும் பின்னாலும் இருக்கும். லட்சுமியை எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். பெயரின் முதல் நான்கைந்து எழுத்தும் ஆண்டும் மட்டும் கொடுத்தால் வாய்ப்பு கூடும். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று பிரிந்த மாவட்டங்களின் பழைய வழக்குகளைத் தாய் மாவட்டத்தின் கீழும் தேடுங்கள். வழக்கு கிடைத்ததும் அதன் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைச் செயலியில் சேமித்துவிட்டால் அடுத்த முறை தேடலே வேண்டாம்.

திரையில் வழக்கு வகை "எஸ்டிசி" என்றிருந்தால் சுருக்கமுறை விசாரணை, ஒரே வாய்தாவில் முடியக்கூடியது. "சிசி" என்றிருந்தால் சாட்சி விசாரணை வரை போகக்கூடியது. அடுத்த வாய்தா தேதிக்குப் பக்கத்தில் எதற்காக என்ற நோக்கமும் இருக்கும். அதில் வாரண்ட் என்ற சொல் கண்ணில் பட்டால் அடுத்த வேலைநாளே வக்கீலோடு நேரில் போய், வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போட வேண்டும். தானாக ஆஜராகிறவரை நீதிமன்றம் பார்க்கும் விதமும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரைப் பார்க்கும் விதமும் ஒன்றல்ல. வாய்தாவுக்கு வர முடியாத நாளில் போடும் பழைய "317 பெட்டிஷன்" இப்போது பிஎன்எஸ்எஸ் (குற்ற வழக்கு நடைமுறைக்கான புதுச் சட்டம்) 355. குடிபோதைக்கான பிஎன்எஸ் பிரிவும் 355தான். புதுச் சட்டங்கள் குமாஸ்தாக்களுக்குச் செய்த குறும்பு.

குறைகளும் உண்டு. எஃப்ஐஆர் மட்டும் இருந்து குற்றப்பத்திரிகை கோப்பில் ஏறாத வழக்கு இதில் வராது. ஆகவே "பதிவு இல்லை" என்றால் வழக்கே இல்லை என்று பொருள் அல்ல. நடுவர் மன்றங்களின் தீர்ப்பு நகல் எல்லா வழக்குக்கும் ஏற்றப்பட்டிருக்காது. வாய்தா தேதி மாறியது ஏறுவதற்குள் அந்த நாளே போய்விடுவதும் உண்டு. அதற்குக் கோர்ட் கான்ஸ்டபிளைக் கேட்பதே பத்திரம். இவ்வளவையும் கழித்தாலும் ஐந்துக்கு நாலரை.

ஒரு பழைய நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிறிய வழக்கில் ஒரு வருடத்துக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கேஸ் தானாக விழுந்துவிடும் என்பார்கள். இப்போதைய பிஎன்எஸ்எஸ் 514, காலவரம்புக்கான கணக்கில் முதல் தகவல் பதிவான நாளையே பார்க்கச் சொல்கிறது, குற்றப்பத்திரிகை போட்ட நாளை அல்ல. போதாததற்கு எஃப்ஐஆரில் 351(3) இருந்தால், அது ஏழு ஆண்டு வரை சிறைக்குரியது என்பதால் காலவரம்பே கிடையாது. அந்தக் "கொன்றுவிடுவேன்" சும்மா எழுதப்படுவதில்லை.

மூன்றாவது, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச சட்ட உதவி. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், எஸ்சி, எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை. "நான் சம்பாதிக்கிறேன், எனக்குக் கிடைக்காது" என்று ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர் நினைக்க வேண்டியதில்லை. காவலில் இருக்கும்வரை அவருக்கும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு பக்க மனு கொடுக்கலாம். அடையாள அட்டை, எஃப்ஐஆர் நகல் போதும். வருமானச் சான்று வருமான அடிப்படையில் கேட்பவருக்கு மட்டும்.

தரம் எப்படி? 2022இல் வந்த புதிய திட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட முழுநேர வழக்கறிஞர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். தனி வழக்கு எடுக்கக்கூடாது என்பதால் கவனம் சிதறாது. மாவட்டத் தலைநகரில் சேவை நன்று. வட்ட நீதிமன்றங்களில் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்தான் வருவார், ஆளைப் பொறுத்துத் தரம் மாறும். வேலைப்பளு காரணமாக "ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிடுங்க" என்ற ஆலோசனை சீக்கிரம் வந்துவிடும். அதற்குத் தலையாட்டும் முன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: இதை ராஜியாக்க முடியுமா? 115(2) (அடித்தல்), 126(2) (வழிமறித்தல்), 351(2) (மிரட்டல்) ஆகியவற்றை பிஎன்எஸ்எஸ் 359இன்படி பாதிக்கப்பட்டவரே ராஜியாக்கலாம். ராஜியானால் விடுதலை பெற்றதற்குச் சமம். தேசிய மக்கள் நீதிமன்ற நாளில் இரு தரப்பும் வந்தால் அன்றே முடியும். எதிராளி மேல் பதிலுக்குப் போட்ட கவுண்டர் கேஸ் இருந்தால் இரண்டையும் சேர்த்தே முடிக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு வந்தால் அது தனியாக ஓடும். முட்டுக்கட்டை 296(பி). அதுவும் 194உம் ராஜியாகும் பட்டியலில் இல்லை. எதிராளி மனதாரச் சமாதானமானாலும் நடுவர் மன்றத்தில் அந்த ஒரு பிரிவு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, பிஎன்எஸ்எஸ் 528இன் கீழ் இருவரும் கூட்டுச் சமாதான மனு வைத்து ரத்து செய்ய வேண்டும். வெறும் வசைச்சொல் மட்டும் 294(பி) ஆகாது என்று 2022இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை வைக்க யாராவது எழுந்து நிற்க வேண்டுமே.

இரண்டு: ராஜியாகாது என்றால், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் கேட்க முடியுமா? முன்தண்டனை இல்லாதவரை, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றமென்றால், 3ஆம் பிரிவில் எச்சரித்து விடலாம். 4ஆம் பிரிவில் பிணைப்பத்திரத்தில் விடலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு பொருந்தாது என்கிறது 12ஆம் பிரிவு. 500 ரூபாய் அபராதம் கட்டுவதும் எச்சரிக்கையோடு வெளியே வருவதும் அன்றைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அரசு வேலைக்குப் போகும் வயதில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. வக்கீல் கேட்காமல் நீதிமன்றம் தானாகக் கொடுப்பது அரிது. இந்தச் சேவைக்கு மூன்று; இந்தக் கேள்விகளோடு போகிறவருக்கு நாலு.

சீருடைப் பணித் தேர்வு எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியாகி விடுதலையானாலும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் அது தனிக் குற்றச்சாட்டு. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்ததைப் பணியளிப்பவர் மன்னிக்கலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது அவருடைய விருப்புரிமை. விண்ணப்பதாரரின் உரிமை அல்ல.

பாஸ்போர்ட்டில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. எஃப்ஐஆர் மட்டும் இருந்தால் அது "நீதிமன்றத்தில் நிலுவை" ஆகாது. குற்றப்பத்திரிகை கோப்பில் ஏறிய பிறகுதான் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) குறுக்கே வரும். அப்போதும் அதே நீதிமன்றத்தில் மனு போட்டு அனுமதி உத்தரவு வாங்கினால், 1993 ஆகஸ்ட் 25 தேதியிட்ட அறிவிக்கையின்படி நீதிமன்றம் சொன்ன காலத்துக்கும், காலம் சொல்லாவிட்டால் ஓராண்டுக்கும் பாஸ்போர்ட் கிடைக்கும். மனுவிலேயே பத்து ஆண்டு என்று கேட்டு வாங்குவது கெட்டிக்காரத்தனம். வெளிநாட்டு விசாவுக்குக் கேட்பது பாஸ்போர்ட் அலுவலகம் கொடுக்கும் பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ்). அதன் கட்டணம் தனி, தளம் தனி. மாநிலக் காவல்துறையின் சரிபார்ப்பு அறிக்கையை அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.